துகின்தான் புதினின் மூளையா? ரஷ்யப் பழமைவாதிகளின் பங்காளிச் சண்டை

#1 கரிசல்

சனிக்கிழமை இரவு யூடியூபில் ஒரு தமிழ்க் காணொளி பார்த்தேன். ரஷ்யத் தத்துவவாதி துகினின் தாடியை நெருக்கத்தில் காட்டி, 'புதினின் மூளை இவர்தான்' என்று இருபது நிமிடத்தில் ஆறேழு தடவை சொல்லிவிட்டார்கள். ரஷ்ய வலதுசாரிகள் எல்லோரும் ஒரே மடத்தில் ஒரே குருவிடம் தீட்சை வாங்கியவர்கள் என்கிற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? உள்ளே போய்ப் பார்த்தால் பாகப்பிரிவினை முடியாத வீடு மாதிரி இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த இழை.

ஒரு பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குகிறேன். 2023இல் மாஸ்கோவின் ரஷ்ய அரசு மனிதவியல் பல்கலைக்கழகத்தில் 'இவான் இலியின் உயர் அரசியல் பள்ளி' என்று ஒன்றைத் திறந்தார்கள். தலைவர் அலெக்சாந்தர் துகின். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் இலியினை வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

இலியின் 1883இல் பிறந்தவர், தத்துவப் பேராசிரியர், ஹெகலைக் கரைத்துக் குடித்தவர். 1922இல் லெனின் அரசு அறிவாளிகளைக் கப்பலேற்றி நாடு கடத்தியதே, அதில் இவரும் ஒருவர். பிறகு வெண்படை (உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளின் செம்படையிடம் தோற்ற தரப்பு) அகதிகளின் சிந்தனையாளராகி, முடியாட்சிக்கு வாதாடி, 1954இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அதே அகதிகள் கூட்டத்துக்குள்தான் யுரேசியவாதமும் பிறந்தது. 1921இல் சோஃபியாவில் முதல் தொகுப்பு வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் த்ருபெத்ஸ்கோய். மொழியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஒலியன் கோட்பாட்டுக்காரர் அவரேதான். 'ரஷ்யா ஐரோப்பாவின் கடைக்குட்டி அல்ல. புல்வெளிக் குதிரைவீரர்களின் வாரிசு. செங்கிஸ்கானின் சொத்தும் நமக்கு வந்ததுதான்' என்பது அவர்கள் வாதம். இலியினுக்கு இது பிடிக்கவே இல்லை. 1920களிலேயே கிண்டல் செய்து எழுதினார். யுரேசியவாதிகளில் ஒரு பிரிவு பின்னாளில் சோவியத் அரசுடன் குலாவப் போனது அவர் கோபத்துக்கு இன்னும் நெய் ஊற்றியது.

துகின் அந்த யுரேசியவாதத்தைத் தூசி தட்டி எடுத்து, அதன்மேல் தன் சரக்கையும் கொட்டி விற்றவர். அப்படியென்றால் பலகையில் இருப்பது ஒருவர், நாற்காலியில் இருப்பது அவர் கிண்டல் செய்த கூட்டத்தின் பேரப்பிள்ளை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்திருந்தால் கதவு அடைத்துக்கொண்டு சண்டை நடந்திருக்கும்.

2024 ஏப்ரலில் மாணவர்கள் அந்தப் பெயரை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 1933இல் இலியின் ஜெர்மனியின் நாஜி இயக்கத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார். 'நாஜிகளை ஒழிக்கிறோம்' என்று ஒரு போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில் இந்தப் பெயரா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதானே!

#2 தேநீர்க்கடை

கரிசல் அண்ணா, அப்போ மூளை யார்? ஒரு பெயர் சொல்லிவிட்டு மேலே போங்கள் :)

#3 கரிசல்

தேநீர்க்கடை, அப்படி ஒரு ஆள் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. துகின் கிரெம்ளினில் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. 2014இல் உக்ரைன் பற்றி 'கொல்லுங்கள், கொல்லுங்கள்' என்று பேசியதற்குப் பிறகு மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்த துறைத்தலைவர் இடமும் போய்விட்டது. 1997இல் அவர் எழுதிய புவிசார் அரசியல் நூல் ராணுவக் கல்விக்கூடங்கள்வரை போனது உண்மைதான். 2022 ஆகஸ்டில் அவர் மகள் தார்யா காரில் வைத்த குண்டில் இறந்தபோது உலகம் முழுக்க அந்த 'மூளை' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. புதின் மேடையில் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுவது துகினை அல்ல, இலியினை. 2005இல் இலியினின் எச்சங்களையும் வெண்படைத் தளபதி தெனிகினின் எச்சங்களையும் மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து தோன்ஸ்கோய் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2022 செப்டம்பர் 30 அன்று நான்கு உக்ரைன் பகுதிகளை இணைத்துக்கொண்ட உரையை முடித்ததும் இலியினின் வரிகளோடுதான்.

#4 மேகலா

இலியின், துகின் எல்லாம் புத்தக அலமாரிச் சண்டை. தெருவில் தெரியும் பிளவு வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடையில் இருப்பது. உள்நாட்டுப் போர் முடிந்து நூறு வருஷம் ஆகிவிட்டது, பழமைவாதிகளுக்குள் இன்னும் முடியவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மாஸ்கோவில் பழைய கேஜிபி தலைமையகம் இருக்கும் லூப்யான்கா சதுக்கத்தில் ட்செர்ஜின்ஸ்கி சிலை இருந்தது. 1991 ஆகஸ்டில் மக்கள் கூடி நிற்க, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று 2021 பிப்ரவரியில் மாஸ்கோ நகராட்சி இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. போட்டி ட்செர்ஜின்ஸ்கிக்கும் 13ஆம் நூற்றாண்டு இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கிக்கும். ஒருவர் சோவியத் ரகசியப் போலீஸான செக்காவைத் தொடங்கியவர், இன்னொருவர் திருச்சபையின் புனிதர். இரண்டு பக்கமும் நின்றவர்கள் யார் தெரியுமா? தேசபக்தர்கள், மேற்கை வெறுப்பவர்கள், 'வலுவான அரசு வேண்டும்' என்பவர்கள். தாராளவாதிகளுக்கு அங்கே வேலையே இல்லை. நெவ்ஸ்கிக்கு 55 சதவீதம், ட்செர்ஜின்ஸ்கிக்கு 45. வாக்கெடுப்பு முடிவதற்குள் மேயர் சபியானின் நிறுத்திவிட்டார். சமூகத்தைப் பிளக்கிறது என்று காரணம் சொன்னார். சதுக்கத்தில் யாரையும் வைக்கவில்லை.

ஆனால் 2023இல் வெளிநாட்டு உளவுத்துறையின் தலைமையக வளாகத்துக்குள் ட்செர்ஜின்ஸ்கி சிலை ஒன்றைத் திறந்துவிட்டார்கள். பொதுஜனம் போக முடியாத இடம். சிவப்புக்காரருக்கு உள்ளே ஒரு சிலை, வெள்ளைக்காரருக்கு வெளியே ஒரு வெற்றுச் சதுக்கம்!

(வெள்ளைக்காரர் என்றதும் நம்மூர் அர்த்தம் வருகிறது. வெண்படைக்காரர் என்று படியுங்கள்.)

#5 வோல்கா டாக்டர்

மேகலா அக்கா சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2013 முதல் 2019 வரை வோல்கோகிராதில் மருத்துவம் படித்தேன். நான் போன வருஷம்தான் நகர மன்றம் ஒரு முடிவு எடுத்திருந்தது. வருஷத்தில் ஆறு நாள் மட்டும் விழாக்களில் நகரத்தை 'ஸ்டாலின்கிராத்' என்று அழைக்கலாம். மற்ற நாளெல்லாம் வோல்கோகிராத். மே 9 அன்று காலையில் எழுந்தால் ஊர்ப் பெயர் மாறியிருக்கும், மறுநாள் பழையபடி. முதல் வருஷம் வீட்டுக்கு போனில் இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை.

நகரத்தின் நடுவில் வீழ்ந்த வீரர்கள் சதுக்கம். 1919இல் வெண்படைத் தளபதி விராங்கெல் ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்ட செம்படை ஆதரவாளர்களின் நினைவாக வந்த பெயர் அது. அணையா ஜோதி எரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் துப்பாக்கி பிடித்துக் காவல் நிற்பார்கள். அதன் பக்கத்திலேயே 1932இல் சோவியத் அரசு இடித்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி தேவாலயத்தை 2016இலிருந்து திரும்பக் கட்டினார்கள். நான் கிளம்பும்போது குவிமாடம் ஏறிக்கொண்டிருந்தது. இடித்தவர்களின் நினைவுத்தூணும் இடிபட்ட கோயிலும் இப்போது அக்கம்பக்கம்.

எங்கள் விடுதிக் காவல்காரப் பாட்டியிடம் ஒருநாள் கேட்டேன், இது முரண்பாடாகத் தெரியவில்லையா என்று. 'எல்லாம் நம்முடையதுதான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீ ஊற்றினார். தத்துவவாதிகளைவிட அவர் தெளிவாக இருந்தார் என்று இப்போதும் நினைப்பேன்.

#6 பழைய புத்தகம்

முன்னேற்றப் பதிப்பகத்தின் மாஸ்கோ அச்சுப் புத்தகங்களைத் தலைக்கு வைத்துத் தூங்கிய தலைமுறை நான். என் போன்றவர்களுக்கு இதை ஜீரணிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஸ்டாலினைப் பழமைவாதிகளின் கணக்கில் எழுதுவது எப்படி நியாயம்? கம்யூனிஸ்டுகள் வேறு, இவர்கள் வேறு இல்லையா?

#7 மேகலா

புத்தகம் ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இன்றைய ரஷ்யாவில் லெனினும் ஸ்டாலினும் இரண்டு வேறு கணக்கு. லெனின் புரட்சிக்காரர், கட்டிடத்தை இடித்தவர். ஸ்டாலின் பேரரசைத் திரும்பக் கட்டியவர், போரில் வென்றவர், 1943இல் திருச்சபைக்கு மறுபடி கதவைத் திறந்தவர். சிவப்புப் பழமைவாதிகள் இரண்டாமவரைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சர்வதேசியம், வர்க்கப் போராட்டம் எதுவும் அவர்களுக்கு வேண்டாம்.

புதினைப் பாருங்கள். 2016இல் லெனினைப் பற்றி, ரஷ்யா என்ற கட்டிடத்துக்கு அடியில் அணுகுண்டு வைத்தவர் என்றார். 2022 பிப்ரவரி 21 உரையில் உக்ரைன் என்பதே லெனின் கைவண்ணம் என்றார். அந்த உரையைக் கேட்ட கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஸ்யுகானவ் போரை ஆதரித்தார், லெனினைத் திட்டியதையும் விழுங்கிக்கொண்டார். லெனினின் உடல் இன்னும் செஞ்சதுக்கத்தில்தான் கிடக்கிறது. எடுக்கவும் மனமில்லை, கும்பிடவும் மனமில்லை.

இந்த இரண்டையும் ஒட்டவைக்க முயன்றவர்களில் பெரிய ஆள் எழுத்தாளர் அலெக்சாந்தர் பிரகானவ். 'ஸாவ்த்ரா' பத்திரிகையின் ஆசிரியர். 2012இல் ப்ஸ்கோவ் பக்கம் உள்ள இஸ்போர்ஸ்க் ஊரில் இஸ்போர்ஸ்க் மன்றம் என்று தொடங்கினார். வெள்ளையையும் சிவப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது நோக்கம். துகினும் அதில் உண்டு. 2015இல் பிரகானவ் ஓர் ஐகான் (திருச்சபைப் புனித ஓவியம்) ஓவியத்தோடு புரோஹரவ்கா போர்க்களத்துக்குப் போனார். மேலே கன்னி மரியாள், கீழே ஸ்டாலினும் தளபதிகளும் வரிசையாக. பெல்கோரத் மறைமாவட்டம் பதறிப்போய், இது ஐகானே இல்லை என்று அறிக்கை விட்டது. ஒட்டவைத்த பசை அன்றைக்கு எவ்வளவு பிடித்தது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

#8 சந்தேகம் சாமி

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் பொம்மலாட்டத்தைப் பார்த்து, பொம்மைகளின் கொள்கை வேறுபாட்டை ஆராய்ச்சி செய்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

1) 2014 தொடக்கத்தில் கிரெம்ளின் ஆளுநர்களுக்கெல்லாம் பெர்தியாயெவ், சலவ்யோவ், இலியின் புத்தகங்களை அனுப்பியது. மூன்று பேரும் மூன்று திசை. பெர்தியாயெவ் சுதந்திரத்தின் தத்துவவாதி. சலவ்யோவ் கத்தோலிக்கத்தோடு சமரசம் தேடியவர். மூன்றையும் ஒருவர் உண்மையாக வாசித்திருந்தால் ஆளுநர் வேலை பார்த்திருக்க முடியாது.

2) 2022 நவம்பரில் 'மரபுவழி விழுமியங்கள்' பற்றி 809ஆம் எண் ஆணை. பட்டியலில் மனித உரிமைகளும் உண்டு, கூட்டுணர்வும் உண்டு, பொருளைவிட ஆன்மிகத்துக்கு முதலிடமும் உண்டு. கல்யாணச் சாப்பாட்டு இலை மாதிரி எல்லாருக்கும் ஒரு கரண்டி.

3) பொருளாதாரம். பழமைவாதிகள் முக்கால்வாசிப் பேருக்கு மத்திய வங்கித் தலைவர் நபியூலினா என்றால் ஆகாது. மலிவுக் கடன் கொடு, தொழிலை வளர் என்று கிளாஸ்யெவ் வருஷக்கணக்கில் கத்தினார். அவர் புதினின் ஆலோசகராகவே 2019 வரை இருந்தார். நடந்தது என்ன? 2024 அக்டோபரில் வட்டி விகிதம் 21 சதவீதம். நபியூலினா 2013இலிருந்து அதே நாற்காலியில்.

காசு விஷயத்தில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. சிலை, ஐகான், பெயர்ப்பலகை இதில்தான் விளையாட விடுகிறார்கள். சட்டத்தைப் பார்த்தாலும், அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு எந்தச் சித்தாந்தமும் அரசுச் சித்தாந்தம் ஆகக்கூடாது என்கிறது.

#9 கரிசல்

சாமி, மூன்றாவது குறிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. அது சரிதான். ஆனால் பொம்மை என்று முடித்துவிட முடியாத ஒரு கோடு இருக்கிறது. இந்த இழையைத் தொடங்கியதே அதை எழுதத்தான், பெயர்ப்பலகைக் கதையில் மயங்கி ஒத்திப்போட்டுவிட்டேன்.

கேள்வி இதுதான்: ரஷ்யா எங்கே முடிகிறது?

ரஷ்ய மொழியில் நாம் 'ரஷ்யர்' என்று ஒரே சொல்லில் எழுதுவதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'ரூஸ்கி' என்றால் இனத்தால், மொழியால் ரஷ்யர். 'ரஸ்ஸியானின்' என்றால் ரஷ்யக் கூட்டமைப்பின் குடிமகன். செச்சென், தாத்தார், யாகூத் எல்லோரும் அடக்கம். பேரரசுவாதிக்கு இரண்டாவது சொல் போதும், எல்லை விரிந்துகொண்டே போகலாம். தேசியவாதிக்கு முதல் சொல்தான் முக்கியம். அவனைப் பொறுத்தவரை பேரரசு என்பது ரூஸ்கி ரத்தத்தில் அடுத்தவனை வளர்க்கும் ஏற்பாடு. 2011இல் மாஸ்கோவில் 'காகஸஸுக்குத் தீனி போட்டது போதும்' என்று ஊர்வலம் போனார்கள். அது இந்தக் கோபம்தான். புதினின் எதிர்ப்பாளர் நவால்னியும் அதில் கலந்துகொண்டார் என்பது அவருடைய ரசிகர்கள் மறக்க விரும்பும் விஷயம்.

இதன் வேர் பழசு. 1990இல் எழுத்தாளர் சோல்செனித்சின் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கோடிக்கணக்கான பிரதிகள் பத்திரிகைகளோடு போய்ச் சேர்ந்தன. பால்டிக், காகஸஸ், மத்திய ஆசியக் குடியரசுகளை விட்டுவிடுங்கள், பேரரசைச் சுமக்க நமக்குத் தெம்பில்லை, தேவையும் இல்லை என்றார். அதே மூச்சில் உக்ரைனும் பெலாரஸும் வடக்கு கஸாக்ஸ்தானும் நம்மோடு இருக்க வேண்டும் என்றார். பேரரசு வேண்டாம், ஆனால் கீவ் வேண்டும்! இன்றைய குழப்பம் முழுவதும் அந்தக் கட்டுரையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

இதைவிட எனக்குப் பிடித்த ஆள் வதீம் த்ஸிம்பூர்ஸ்கி. நம்மவர்கள் யாரும் பேசுவதில்லை. ஹோமரையும் பழைய அனடோலிய மொழிகளையும் ஆராய்ந்த மொழியறிஞர், 2009இல் 52 வயதில் இறந்தார். 1993இல் 'ரஷ்யா ஒரு தீவு' என்கிற கருத்தை முன்வைத்தார். சுற்றியுள்ள நாடுகள் கடல் இல்லை, ஆனால் நீர்ச்சந்தி மாதிரி. ஐரோப்பாவும் அல்லாத, முழுக்க ரஷ்யாவும் அல்லாத நிலங்கள். அவற்றைப் பிடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் ரஷ்யா தன்னைத் தொலைக்கிறது, சோவியத் உடைந்தது இழப்பு அல்ல, தீவு தன் கரைக்குத் திரும்பிய தருணம், இனி உரால், சைபீரியாவைப் பார்ப்போம் என்றார். துகின் பாடும் யுரேசியப் பேரரசுக்கு நேரெதிர். ஆனால் இவரும் பழமைவாதிதான், மேற்கத்தியவாதி இல்லை. இப்படி ஒரு கிளை இருந்தது என்பதே இன்று மறந்துபோன மாதிரி இருக்கிறது. கோட்பாட்டில் தோற்று மறையவில்லை. 2014இல் கிரிமியா இணைப்போடு காற்று வேறு பக்கம் அடித்தது, அவ்வளவுதான்.

அரசு இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னது? 2020 அரசியலமைப்புத் திருத்தத்தைப் பாருங்கள். ரஷ்ய மொழி 'அரசை உருவாக்கிய மக்களின்' மொழி என்று ஒரு வரி சேர்த்தார்கள், தேசியவாதிக்காக. அதே வாக்கியத்தில் அந்த மக்கள் 'சம உரிமையுள்ள பல இனங்களின் ஒன்றியத்தில் ஓர் அங்கம்' என்று சேர்த்தார்கள், பேரரசுவாதிக்காக. 'ரூஸ்கி' என்ற இனத்தின் பெயரை மட்டும் நேராக எழுதவில்லை. ஒரே வாக்கியத்தில் கொடுத்து, அதே வாக்கியத்தில் பிடுங்கியாகிவிட்டது.

#10 தேநீர்க்கடை

அரைப்புள்ளி போட்டே ஆட்சி நடத்துகிறார்கள் போல.

#11 மேகலா

2018இல் புதின் தன்னையே 'மிகச் சரியான, மிகப் பயனுள்ள தேசியவாதி' என்று சொல்லிக்கொண்டார். 2022 மார்ச்சில், போரில் இறந்த தாகெஸ்தான் அதிகாரி ஒருவரைப் பற்றிப் பேசும்போது, 'நான் லாக் (தாகெஸ்தானின் ஓர் இனம்), நான் தாகெஸ்தானி, செச்சென், தாத்தார், யூதன்' என்று சொல்லத் தோன்றுகிறது என்றார். கரிசல் சொன்ன இரண்டு சொற்களும் ஒரே வாயில்.

#12 சந்தேகம் சாமி

> பொம்மை என்று முடித்துவிட முடியாத ஒரு கோடு இருக்கிறது

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கோட்டுக்காக யாராவது எதையாவது இழந்திருக்கிறார்களா? சிலை வாக்கெடுப்பில் தோற்பது இழப்பு ஆகாது.

#13 கரிசல்

இழந்தவர் ஒருவர் இருக்கிறார். இகோர் கிர்கின், ஸ்த்ரெல்கவ் என்ற பெயரில் பிரபலம்.

எஃப்எஸ்பி என்ற ரஷ்ய உள்நாட்டு உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி. வெண்படை உடை போட்டுக்கொண்டு பழைய போர்களை நடித்துப் பார்க்கும் குழுக்களில் ஊறியவர், முடியாட்சிவாதி. வேடிக்கை என்னவென்றால், 1990களில் இவர் எழுதியது பிரகானவின் சிவப்பு வாடை அடிக்கும் ஸாவ்த்ராவில். கூட எழுதியவர் அலெக்சாந்தர் பரதாய். பிறகு இருவரும் 'ஆர்த்தடாக்ஸ் கோடீஸ்வரர்' மலஃபேயெவிடம் வேலை பார்த்தார்கள். 2014இல் கிர்கின் கிழக்கு உக்ரைனின் ஸ்லவ்யான்ஸ்கைப் பிடித்தார், பரதாய் தோனெத்ஸ்கில் பிரிவினைவாதிகளின் 'பிரதமர்' ஆனார். அந்த வருஷ நவம்பரில் அதே ஸாவ்த்ராவுக்குக் கொடுத்த பேட்டியில், போரின் விசையை அழுத்தியது நான்தான் என்று கிர்கினே சொன்னார். எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைனில் வீழ்த்தப்பட்ட வழக்கில் 2022இல் நெதர்லாந்து நீதிமன்றம் அவர் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதித்தது. அந்த விமானத்தில் போன 298 பேரையும் மறந்துவிட்டு இவரை 'கொள்கைவாதி' என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம்.

ஆனால் சாமி கேட்டதற்கு வருகிறேன். 2022க்குப் பிறகு இவர் வாயை மூடவில்லை. போரை அரைமனதாக நடத்துகிறார்கள், தளபதிகள் திறமையற்றவர்கள் என்று வாராவாரம் திட்டினார். 2023 ஏப்ரலில் 'கோபக்கார தேசபக்தர்கள் மன்றம்' தொடங்கினார். ஜூனில் கூலிப்படைத் தலைவர் பிரிகோஷினின் கலகம். ஜூலை 21 அன்று கிர்கின் கைது. 2024 ஜனவரியில் நான்கு வருஷச் சிறை. பரதாய்? 2021இலிருந்து நாடாளுமன்றத்தில், ஆளும் கட்சி உறுப்பினர். ஒரே பத்திரிகை, ஒரே முதலாளி, ஒரே போர். ஒருவர் அவையில், ஒருவர் சிறையில்.

2014 தேசியவாதிகளையே இரண்டாகக் கிழித்தது. நவம்பர் 4 அன்று வழக்கமாகப் போகும் 'ரஷ்ய ஊர்வலம்' அந்த வருஷம் மாஸ்கோவிலேயே தனித்தனியாகப் போனது. ஒன்று 'நவரஸ்ஸியா'வுக்கு (கிழக்கு, தெற்கு உக்ரைனை ரஷ்ய நிலமாகப் பார்க்கும் திட்டம்) ஆதரவாக, இன்னொன்று அதில் சேராமல். சிலர் கிழக்கு உக்ரைனின் தோன்பாஸ் போய்ப் பிரிவினைவாதிகளோடு சேர்ந்து சண்டையிட்டார்கள். சிலர் உக்ரைன் பக்கமே போய்ச் சண்டையிட்டார்கள். 2023 மார்ச்சில் பிரியான்ஸ்க் எல்லைக்குள் புகுந்த ரஷ்யத் தன்னார்வப் படை அந்தக் கிளையிலிருந்து வந்ததுதான், அதன் தலைவர் தீவிர வலதுசாரி.

#14 நெறியாளர்

#13க்கு வந்த நான்கு பதில்களை நீக்கியிருக்கிறேன். போரில் யார் பக்கம் நியாயம் என்பதற்குத் தனி இழை ஓடுகிறது, சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தலைப்பை விட்டுப் போக வேண்டாம்.

#15 வோல்கா டாக்டர்

கோட்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும், இப்போது அங்கே இருக்கும் ஜூனியர்களிடம் பேசினால் எல்லோரும் சொல்வது புலம்பெயர்ந்தோர் பிரச்சினை. 2024 மார்ச் 22 அன்று குரோகஸ் அரங்கத் தாக்குதலில் 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பிடிபட்டவர்கள் தஜிக்குகள். அதன் பிறகு மத்திய ஆசிய முகம் உள்ளவர்களுக்குத் தெருவில் நடமாட்டமே கஷ்டம். 'ரஷ்யச் சமூகம்' என்ற அமைப்பின் ஆட்கள் சோதனை என்று கிளம்பிவிடுகிறார்கள், சில இடங்களில் போலீஸோடு சேர்ந்தே.

யுரேசியவாதம் பேசுகிறவருக்கு தஜிக் தொழிலாளி சகோதரன். ரூஸ்கி பேசுகிறவருக்கு அவன் ஊடுருவி. குரோகஸ் நடந்து ஐந்தே நாளில், ரஷ்யத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை கிரில் தலைமை தாங்கும் உலக ரஷ்ய மக்கள் மாமன்றம் ஓர் ஆவணம் வெளியிட்டது. போரை 'புனிதப் போர்' என்றது, ரஷ்யர், உக்ரைனியர், பெலாரஸியர் மூவரும் ஒரே மக்கள் என்றது, அதோடு குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தச் சொன்னது. மேற்கே எல்லையை விரி, தெற்கே கதவை அடை. கரிசல் அண்ணா சொன்ன சோல்செனித்சின் குழப்பம் அப்படியே.

நான் இருந்தபோதும் இது உண்டு. மெட்ரோ டிராமில் என் முகத்தைப் பார்த்து ஒருவர் திட்ட ஆரம்பித்தார். இன்னொரு பெரியவர் 'விடு, அவன் இந்தியன், ராஜ் கபூர் ஊர்க்காரன்' என்று அடக்கினார். தஜிக் பையனுக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்காது.

#16 மேகலா

'மரபுவழி விழுமியங்கள்' என்கிறார்களே, யாருடைய மரபு என்ற கேள்வியும் இதில்தான் மாட்டிக்கொள்கிறது. 2024 டிசம்பரில் ரஷ்ய முஸ்லிம்களின் ஆன்மிக வாரியத்து உலமா சபை, நிபந்தனைகளோடு நான்கு மதத் திருமணம்வரை செல்லும் என்று ஃபத்வா கொடுத்தது. மரபுதானே? சில நாட்களில் அரசு வழக்கறிஞர் அலுவலகம் தலையிட்டு வாபஸ் வாங்க வைத்தது. 2020 திருத்தம் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்குமானது என்று எழுதும்போது ஓரினத் திருமணத்தை மட்டும்தான் யோசித்திருப்பார்கள். இந்தப் பக்கமிருந்து சவால் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

திருச்சபைக்கு உள்ளேயும் அமைதி இல்லை. கடைசி ஜார் இரண்டாம் நிக்கலாய் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் எச்சங்களைப் பீட்டர்ஸ்பர்க்கில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தபோது யெல்த்சின் போனார், முதுபெரும் தந்தை அலெக்ஸி போகவில்லை. அது ஜாருடையதுதான் என்று திருச்சபை ஒப்புக்கொள்ளவில்லை. 2000இல் அதே ஜாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவரைக் கிட்டத்தட்ட மீட்பராகவே கும்பிடும் கூட்டமும் உண்டு. அவர்களைத் திருச்சபையே 'ஜாரைக் கடவுளாக்குபவர்கள்' என்று கடிந்துகொள்கிறது.

2017இல் ஜார் இளவரசராக இருந்தபோது ஒரு பாலே நடனக்காரியைக் காதலித்த கதை 'மதில்தா' என்று படமாக வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் நதால்யா போக்லோன்ஸ்கயா புனிதரை அவமதிக்கிறது என்று போர்க்கொடி தூக்கினார். யெகதெரின்பர்க்கில் ஒருவர் எரிவாயு உருளைகளோடு வண்டியைத் திரையரங்குக்குள் விட்டார். படத்துக்குப் பக்கத்தில் நின்றவர் யார்? பண்பாட்டு அமைச்சர் மெதின்ஸ்கி. அவரும் பழமைவாதிதான், ரஷ்ய வரலாற்றை வெளிநாட்டார் கெடுக்கிறார்கள் என்று புத்தகம் எழுதியவர். படம் வெளியானது.

போக்லோன்ஸ்கயாவின் ஆன்மிகத் தந்தை சேர்கிய் என்ற துறவி. 2020இல் கொரோனாவுக்காகக் கோயிலை மூடுபவர்களைச் சபித்து, உரால் பகுதி மடாலயம் ஒன்றை ஆட்களோடு பிடித்து உட்கார்ந்துகொண்டார். டிசம்பரில் அதிரடிப்படை போய்த் தூக்கியது. போக்லோன்ஸ்கயாவோ 2022இல், போர் ஆதரவுச் சின்னமான 'இசட்' குறி இரண்டு நாட்டுக்குமே துயரம் என்றார். கிரிமியா இணைப்பின் முகமாக இருந்தவர் அவர்! இவர்களை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

#17 பழைய புத்தகம்

மேகலா, கருக்கலைப்புச் சட்டம் பற்றி ஒரு வரி எழுதுங்களேன். மருமகள் அங்கே படிக்கிறாள், ஏதோ கட்டுப்பாடு வந்ததாகச் சொன்னாள்.

#18 மேகலா

முழுத் தடை இல்லை ஐயா. திருச்சபை பல வருஷமாக அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து அதை எடுக்கச் சொல்கிறது, அரசு எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் மோர்தோவியாவில் தொடங்கி, 'கருக்கலைப்புக்குத் தூண்டினால் அபராதம்' என்று மாகாணம் மாகாணமாகச் சட்டம் வந்தது. குழந்தையே வேண்டாம் என்பதைப் பரப்பினால் அபராதம் என்று 2024 நவம்பரில் நாடு முழுக்க. 1955இலிருந்து தொடர்ந்து சட்டப்படி இருந்துவரும் ஒன்று, சோவியத் பழக்கம். சிவப்புப் பாட்டிகளின் ஓட்டை இழக்க வேண்டாம் என்ற கணக்காக இருக்கலாம், இது என் ஊகம்.

#19 சந்தேகம் சாமி

நன்றி. பொம்மலாட்டம் என்றதை வாபஸ் வாங்கவில்லை, கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பொம்மைகளுக்குள் சண்டை உண்மை. நூல் பிடித்தவர் எந்தப் பொம்மையையும் ஜெயிக்க விடுவதில்லை. சொந்தமாக நடக்கப் பார்த்த பொம்மைக்கு கிர்கின் கதி. வைத்திருக்க வேண்டியவருக்கு ஒரு பள்ளிக்கூடமும் பெயர்ப்பலகையும்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நூலைப் பிடித்தவருக்குப் பிறகு? அவர் 1952இல் பிறந்தவர்.

#20 கரிசல்

அதற்கு நான் ஜோசியம் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பின் வருபவர் 'ரூஸ்கி' என்பாரா, 'ரஸ்ஸியானின்' என்பாரா என்று முதல் உரையில் கவனித்துப் பார்க்கலாம்.

த்ஸிம்பூர்ஸ்கி பற்றித் தனி இழை கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் எழுதுகிறேன். 'லிமித்ரோஃப்' என்று அவர் சொல்லும் அந்த இடைநிலங்களுக்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்றுதான் தெரியவில்லை. 'எல்லைப்புறம்' போதவில்லை. யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

#21 தேநீர்க்கடை

புறம்போக்கு?

#22 கரிசல்

அங்கே வாழ்பவர்கள் உதைக்க வருவார்கள். ஆனால் துகின் ஒத்துக்கொள்வார்.